1942 ஏப்ரல் 9: திருமலை ராடாரும் ஒரு கைதட்டும்



சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கடக்கும்போதெல்லாம் ‘ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்’ என்று மூத்தவர்கள் சொன்னது நம்மில் பலருக்கும் நினைவு வரும். அந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஒன்று ராடார்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் ராடார் இருந்தது. ஆனால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகே இரத்மலானையிலிருந்து போர் விமானங்கள் கிளம்பின.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலை 7 மணி தாண்டியதும், திருமலை எலிசபெத் முனை ராடார் சுமார் 90 மைல் தொலைவிலேயே விமானக் கூட்டத்தைக் கண்டது. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் முன்கூட்டியே மேலெழும்பின. துறைமுகம் பலத்த அடி வாங்கியது. ஆனால் தூக்கத்தில் வாங்கவில்லை.

ராடார் செய்வது நேரக் கணக்குத்தான். 90 மைல் போய்த் திரும்ப வானலைக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணக்கில் ஒரு மைக்ரோ வினாடி பிழைத்தால் தூரம் 150 மீட்டர் பிழைக்கும்.

இன்று ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். ஒரே பெரிய அன்டெனாவுக்குப் பதிலாக, கப்பல் முழுக்கச் சிறு அன்டெனாக்களைப் பரப்பி, கம்பியில்லாமல் இணைத்து, ஒரே கண்ணாக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டெரி நகரிலுள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

சிக்கல் எங்கே? இதை மாணவர்களுக்கு மைதானத்தில் காட்டினோம். ஒருவர் நம் பக்கத்தில், ஒருவர் 100 மீட்டர் தள்ளி. விசில் கேட்டதும் இருவரும் கைதட்ட வேண்டும். தூரத்துக் கைதட்டு அரை வினாடிக்கு மேல் பிந்தியே நமக்குக் கேட்டது. விசில் போகவும் நேரம், சத்தம் திரும்பவும் நேரம். பக்கத்துப் பிள்ளையை அந்த அளவு பொறுத்துத் தட்டச் சொன்னதும் இரண்டும் ஒன்றாகக் கேட்டன.

கப்பலிலும் அதுதான் வழி. நடுவிலிருந்து ஒவ்வொரு அன்டெனாவுக்கும் அடையாள அலை அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டு, தாமதத்தை அளந்து சரிசெய்கிறார்கள். 10 சென்டிமீட்டர் அலைக்கு ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமே பெரிது. கடலில் கப்பலின் உடல் வளைந்து நெளிவதால், ஒருமுறை அளந்தது போதாது. அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

மீண்டும் அந்த ஏப்ரல் 9. முந்திய இரவே திருமலையை விட்டுப் போன விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக் கடலில் சிக்கியது. உதவிக்கு விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டிருந்தது. 307 உயிர்கள் போயின.

ஆபத்தைக் காண்பவரும் காப்பாற்றப் போகிறவரும் ஒரே நேரத்தில் இயங்காவிட்டால், கண் இருந்தும் பயனில்லை. சுனாமியைக் கண்ட நமக்கு இது தெரியாததல்ல.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் 1942 பற்றிக் கேட்டவை இருந்தால் கீழே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.