விதைக்கும் அறிவுக்கும் உடையவர் யார்?

வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த நீரைத் தெளித்தால் பயிரைப் பூச்சியும் நோயும் அண்டா என்பதை நம் உழவர் எவரிடம் கற்றனர்? தந்தையிடம்; அவர் தம் தந்தையிடம். ஆசிரியர் பெயரற்ற இவ்வறிவுக்கு உடையவர் யார் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அயல்நாட்டு மன்றங்களில் எழுந்தது.

வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. காப்புரிமையாவது, புதிதாக ஒன்றைக் கண்டவர், குறித்த காலம்வரை பிறர் அதனைப் பயன்படுத்தாவண்ணம் தடுக்கும் உரிமை. அம்முறை புதிதன்று, இந்திய உழவர் முன்பே கையாண்டது என வந்தனா சிவா முதலியோர் 1995-இல் எதிர்ப்பு மனு அளித்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூனிக் நகரில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியாயிற்று.

இதற்கிடையே, மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா 1995-இல் அளித்த காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1997-இல் நீக்கச் செய்தது. அதற்குத் துணை நின்றவை வடமொழி நூல்களும், 1953-இல் வெளிவந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையுமாகும். பிற நாடுகளில் வாய்வழியாக வழங்கும் அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கிற் கொள்ளவில்லை. அச்சில் வந்த சான்றையே வேண்டிற்று.

நூலில் இருந்தும், ஆய்வு செய்வோர் படிக்க இயலாவிடில் பயன் யாது? ஆகவே 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. வடமொழி, அரபு, பாரசீகம், உருது நூல்களோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலுள்ள செய்திகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பே இங்கு உடைமைக்குக் காவலாயிற்று.

விதையின் வழக்கு இன்னும் சிக்கலானது. மண்ணில் வாழும் நுண்ணுயிரின் மரபணு ஏற்றப்பட்ட பருத்தி, 2002-இல் நம் நாட்டில் பயிரிட ஒப்புதல் பெற்றது. மரபணுவைப் புகுத்தியவர் ஆய்வாளர். ஆயின் பருத்தியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தவர் உழவர். இத்தகைய இரு திறத்தார் உழைப்பையும் மதிக்க முயன்றது, 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம். புதிய இரகம் கண்டவர்க்கு உரிமை வழங்கிய அச்சட்டமே, விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவர்க்கு உரிமை அளித்தது. காக்கப்பட்ட இரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும் விலக்கியது.

நேயர்களே! பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மிடம், பாட்டனார் பயிரிட்ட நெல்லின் பெயரும் பாட்டியார் கண்ட பக்குவமும் வாய்ச்சொல்லாகவே எஞ்சியுள்ளன. எழுதப்படாத அறிவு மன்றத்திற்குச் செல்லுமுன்பே மறைந்துவிடக்கூடும். முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் நம்மால் இயன்ற பணியாகும்.