பெயரில்லா மாலுமியின் வம்சாவளி

1941 நவம்பர் 19 அன்று மேற்கு ஆஸ்திரேலியக் கடலில், ஜெர்மானியக் கப்பல் கோர்மோரானுடன் நடந்த சண்டையில் 'சிட்னி' போர்க்கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த 645 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவருகே உயிர்காப்பு மிதவை ஒன்று மிதந்து வந்தது. அதில் ஒரு சடலம். பெயர் தெரியாமலே அடக்கம் செய்தார்கள்.

2006-ல் அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்தனர். விஞ்ஞானம் படித்தவனாகையால் இதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு ருசி அதிகம். பல்லிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய் வழியில் மட்டுமே இறங்குவது. நம் கோத்திரத்துக்கு நேர் எதிர்! ஆகவே மாலுமியின் தாய், பாட்டி, அவர்களுடைய பெண் வழி வாரிசுகள் என்று தேட வேண்டும். ஒவ்வொரு விவாகத்திலும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறிவிடுமே, எளிதான காரியமா? சிராத்தத்தில் மூன்று தலைமுறை சொல்லும் எனக்கே, என் தாயாரின் பாட்டிக்கு மேல் பெண் வழியில் ஒரு பெயரும் தெரியாது.

கப்பல் மூழ்கி 80 ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் விடை கிடைத்தது. அவர் பிரிஸ்பேனைச் சேர்ந்த தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். இருபதைத் தாண்டிய வாலிபர். பெற்றோர் இதை அறியாமலே காலமாகிவிட்டனர். 2008-ல் ஜெரால்டன் போர்க் கல்லறையில் அவரை மறு அடக்கம் செய்தபோதும் அவர் பெயரில்லாதவராகவே இருந்தார்.