விளக்கெண்ணெயில் நின்ற வண்டிகள்

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனைக்குப் போகிறவர்கள் அந்த மஞ்சள் ரோல்ஸ்ராய்ஸின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானோ குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பேன். செகந்திராபாத் பட்டறைகளில் காலம் தள்ளியவனுக்கு வேறு எங்கே கண் போகும்? ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்த வண்டி அது. 1911இல் அவர் காலமாகிவிட, 1912 மாடல் சில்வர் கோஸ்டாக அவர் மகன் உஸ்மான் அலி கானிடம் வந்து சேர்ந்தது. உள்ளே சிம்மாசனம் மாதிரி இருக்கை. முன்சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. இருக்கிற பிரேக்கும் தண்டு, கம்பி, லீவர் வேலைதான். அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் உள்ளே காற்றுப் புகுந்து பெடல் பஞ்சாய் அமுங்கியது என்ற புகார் மட்டும் அந்த வண்டியில் வர வழியில்லை. அந்த வியாதி எண்ணெய் பிரேக்கோடு பிறந்தது.

அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விமானக் கம்பெனிக்குப் பெயர் தந்த அதே குடும்பம். 1921இல் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக் வந்தது; 1924இல் கிரைஸ்லர் எடுத்துக்கொண்டார். லாக்ஹீட் போட்டிருந்த தோல் வாஷர்கள் கசிந்ததால் கிரைஸ்லரின் ஆட்கள் ரப்பருக்கு மாற்றினார்கள். ஹென்றி ஃபோர்டுக்கு மட்டும் எண்ணெய் மேல் நம்பிக்கை வரவில்லை. இரும்புத் தண்டே போதும் என்று 1939 வரை பிடிவாதமாக இருந்தார். கிழவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு: இரும்புக்குள் காற்று புகாது.

அந்த எண்ணெய் என்ன தெரியுமா? பழைய பிரேக் ஆயிலில் பெரும்பங்கு நம் விளக்கெண்ணெய்தான். இளக்கமாக ஓடுவதற்கு ஆல்கஹால் கலந்திருப்பார்கள். ரப்பரைக் கெடுக்காது, வழுவழுப்பும் குறையாது. நிஜாம் ராஜ்ஜியத்தின் மகபூப்நகர், நல்கொண்டா பக்கத்துச் செம்மண் பூமியில் ஆமணக்கு ஏராளமாக விளைந்தது. கப்பலேறிப் போன அந்த விதையில் எந்தத் துளி எந்த ஊர் பிரேக்கில் ஏறியதோ, யார் கண்டது! இன்று குஜராத் முந்திவிட்டது. ஆனாலும் ஆமணக்கு ஆராய்ச்சி இன்றும் இதே ஹைதராபாதில், ராஜேந்திரநகர் எண்ணெய்வித்து நிறுவனத்தில்தான் நடக்கிறது.

1932 ஜூனில் நிஜாம் ரயில்வே 27 பஸ்களோடு சாலைப் போக்குவரத்தை ஆரம்பித்தது. 1942இல் வந்த ஆல்வின் தொழிற்சாலை பஸ்களுக்குப் பாடி கட்டியது. ஸ்பேனர் பிடிக்கிற கைகள் இந்த ஊரில் பெருகிய காலம் அது. பிறகு அம்பாசிடர் வந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். எங்கே கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போச்சு. சென்னை பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியதும் வாஷர் கிட்டுக்குச் சீமையைப் பார்த்துக் காத்திருக்கிற நிலை மாறியது. செகந்திராபாத் ராணிகஞ்ச் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுத்தார்கள்.

பெடல் சரியில்லை என்று வண்டி வந்தால், நல்ல உஸ்தாத் மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பார். மிதிக்க மிதிக்க மேலே ஏறி, ஆனாலும் ஸ்பிரிங் மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. ஆழமாய் இறங்கி அங்கே கல்லாய் நின்றால் டிரம்முக்கும் லைனருக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் போதும். காலை எடுக்காமல் வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேய்ந்திருக்கிறது. எத்தனை தடவை காற்று எடுத்தும் சரியாகவில்லையா, பழைய ரப்பர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒருவரை மிதிக்கச் சொல்லவேண்டும். கையில் அது உப்புவது தெரியும்.

காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரம் முதலில். நம் வண்டிகளில் அது பின்பக்க இடது சக்கரம். நிப்பிளில் டியூபைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கவேண்டும். அடியில் படுத்திருக்கும் உஸ்தாத் குரல் கொடுப்பார்: "தபாவ்... பக்டோ..." பையன் மிதித்துப் பிடித்துக்கொள்வான். நிப்பிளைத் திறந்ததும் குமிழி குமிழியாய் வரும். மூடின பிறகுதான் காலை விடச் சொல்லி "சோடோ". அந்தச் சொல்லுக்கு முன் பையன் காலை எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். இதற்கிடையே மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்துபோனாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். வாஷரை பெட்ரோலில் கழுவுகிறவனை நான் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன். ரப்பர் ஊதிப்போகும்.

ஸ்ரீசைலம் போய்வருகிறவர்கள் சொல்லும் கதை வேறு. நல்லமலைக் காட்டில் அணைப் பக்கம் இறங்கும்போது பெடல் காணாமல் போகும். வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் திரும்பி வந்துவிடும். மந்திரம் ஒன்றுமில்லை. விளக்கெண்ணெய்க்குப் பதிலாக இன்று ஊற்றும் கிளைகால் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தாலே அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு.

இப்போது ஏபிஎஸ் வந்த பிறகு காற்று எடுக்கப் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அதன் மோட்டாரை ஓடவிடவேண்டும். "தபாவ், பக்டோ" சத்தம் குறைந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு லைன் இருக்கிற இன்றைய பிரேக் பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆயில் அதே கிளைகால் ஆயில், ஈரம் அதே ஈரம். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயிலை வண்டியை விற்கும்வரை தொடுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மலை இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.