தோட்டா முதல் தோடு வரை: மெட்டல் டிடெக்டரின் கதை

மெட்டல் டிடெக்டர் என்றதும் கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நிற்கும் சோதனைக் கதவுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இந்தக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடற்கரை மணலில் தொலைந்துபோன மோதிரத்தையும் சங்கிலியையும் தேடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. கருவி வாங்கப் போகும் புதியவர்கள் பலர் கேட்பது, "எது அதிக ஆழம் போகும்?" என்பதுதான். சின்னத் தங்க நகைக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. காரணம் இந்தக் கருவி வளர்ந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

தோட்டாவைத் தேடிய பெல்

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலுக்குள் தோட்டா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்போது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படவில்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச்சுருளும் தொலைபேசி ரிசீவரும் கொண்டு ஒரு கருவி செய்து எடுத்துவந்தார். தேடல் தோற்றது. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின. தலைமை மருத்துவர் பிளிஸ், தோட்டா வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பி அங்கே மட்டும் தேடவிட்டார். உண்மையில் அது இடப்பக்கம் இருந்தது! செப்டம்பர் 19-ஆம் தேதி கார்ஃபீல்டு இறந்தார்.

பக்கத்தில் கிடக்கும் வேண்டாத உலோகம் வேண்டிய உலோகத்தை மறைத்துவிடும். இந்தத் தொல்லை பெல் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

போர்க்களத்தில்

1931-இல் ஜெர்மனியில் பிறந்த கெர்ஹார்டு ஃபிஷர், கலிபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் அவருடைய கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942-இல் எல் அலமீன் போரில் 500 கருவிகள் பயன்பட்டன. காப்புரிமை பணம் எதையும் அவர் கேட்கவில்லை.

போர் முடிந்ததும் மிச்சமான இராணுவக் கருவிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. புதையல் தேடும் பொழுதுபோக்கு இப்படித்தான் பரவியது. ஆனால் அவை கண்ணிவெடி அளவுள்ள பொருளுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு கிராம் கம்மல் அவற்றுக்கு இல்லாத பொருள் மாதிரிதான்.

ஒரு அலுமினிய வளையம் செய்த வேலை

1959-இல் ஓஹியோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ், பானங்களை அடைக்கும் டின்களை எளிதாகத் திறக்க, இழுத்துப் பிய்க்கும் அலுமினிய மூடியை உருவாக்கினார். 1960-களில் அது அமெரிக்கா எங்கும் பரவியது. குடித்தவர்கள் பிய்த்த வளையத்தை மணலிலேயே போட்டார்கள். நகை தேடியவர்களுக்குத் தோண்டத் தோண்ட அலுமினியம்!

இதைத் தீர்க்க, 1970-களில் குப்பையை ஒதுக்கும் வசதியுடன் கருவிகள் வந்தன. அலுமினியம் வந்தால் கருவி ஊமையாகிவிடும். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தங்க மோதிரங்களும் கூடவே காணாமல் போயின.

ஏன்? கருவிக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. அதன் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம், மண்ணில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்னோட்டம் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைத்தான் கருவி கவனிக்கிறது. அது பொருளின் அளவு, தடிமன், மின்கடத்துத்திறன் மூன்றையும் பொறுத்தது. தங்கம் நல்ல மின்கடத்திதான். ஆனால் அமெரிக்காவில் பரவலாக விற்கும் 14 காரட் நகையில் தங்கம் 58.5 சதவீதம்தான், கலப்பு சேரச் சேர மின்கடத்துத்திறன் மிகவும் குறைகிறது. அதனால் சின்ன மோதிரமும் அலுமினிய வளையமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் ஒதுக்க வழியில்லை.

மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத்தான் தொடுகின்றன. எனவே மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளேயே சுழன்று சட்டென்று அடங்கிவிடும். பல நேரங்களில் சத்தம் தருவது சங்கிலியின் கொக்கி மட்டும்தான்.

அதிர்வெண் கற்றுத்தந்த பாடம்

வெள்ளிக் காசுக்கு 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் போதும். சிறிய தங்கத்தில் மின்னோட்டம் வேகமாக அடங்குவதால் அதிர்வெண் கூட வேண்டும். தங்கத் துகள் தேடுபவர்களுக்காக வந்த ஃபிஷர் கோல்டு பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. இதற்கும் ஒரு விலை உண்டு. அதிர்வெண் கூடினால் ஆழம் குறையும், கடலோரத்தின் ஈர உப்பு மணலும் கத்தத் தொடங்கும்.

ஈர மணலுக்குத் துடிப்பு முறைக் கருவிகள் வந்தன. அவை உப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இரும்பு ஆணியையும் தங்கத்தையும் சரியாகப் பிரிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் போன்ற நிறுவனங்கள் 1990-களிலிருந்து பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கருவிகளைத் தந்தன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1980-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கேரட் நிறுவனக் கருவி கொண்டு சுமார் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஆழத்துக்காகப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. தொலைந்த தோட்டையும் மோதிரத்தையும் தேடுபவருக்குத் தேவை வேறு. உலர்ந்த மணலுக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண், ஈர மணலுக்குப் பல அதிர்வெண் கருவி, சின்னப் பொருளைப் பிடிக்கச் சின்னச் சுருள். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பை ஒதுக்கும் வசதியைக் குறைத்து வைக்கும் பொறுமை.

பத்து அலுமினிய வளையத்தைத் தோண்டி எடுக்கச் சலிக்காதவருக்குத்தான் பதினோராவதாக மோதிரம் கிடைக்க வாய்ப்பு. அந்த வேலையைக் குறைத்துத் தரும் கருவி, மோதிரத்தையும் சேர்த்தே குறைத்துவிடும்.