நம்பர் பிளேட் பார்க்கிற பழக்கம்

பலாங்கொடை டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் போனைப் பார்ப்பதில்லை. வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பேன். பஜாஜ் ஆட்டோக்கள், ஜப்பான் வேன்கள், புது ஹைபிரிட் கார்கள் எல்லாம் வரிசையாகப் போகும். நடுவில் எப்பவாவது ஒரு மொரிஸ் மைனர் இருமிக்கொண்டே வந்தால் அன்றைக்கு எனக்குப் பெருநாள்தான்.

தகட்டை வைத்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடலாம். ஈ.என்., ஈ.எல்., சி.என். என்றிருந்தால் மிகப் பழசு. 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. எண்களுக்கு நடுவில் சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் 1957க்குப் பிறகு பதிந்தது. 2000க்குப் பிறகு மாகாணக் குறியீடு வந்தது, நமக்கு எஸ்.ஜி.

அந்த 'ஸ்ரீ'யில் கொஞ்சம் நிற்கணும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், அடுத்த வருடம் நம்பர் பிளேட்டில் சிங்கள எழுத்து. 1958இல் ஸ்ரீ போட்ட அரச பஸ்கள் வடக்குக்குப் போனதும் தமிழரசுக் கட்சி அந்த எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தில் இறங்கியது. யாழ்ப்பாணத்துக் கதை என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் தார்ச்சட்டி மலையகத்திலும் தூக்கப்பட்டது. பலாங்கொடையிலிருந்து மலையேறினால் வருகிற பொகவந்தலாவையில், அந்த ஏப்ரலில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் செத்துப்போனார்கள். அதே மாதம் பண்டா–செல்வா ஒப்பந்தமும் கிழிந்தது.

செத்தவர்களுடைய சனத்தில் பெரும்பாலானோருக்கு அப்போது வாக்குரிமைகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க. இங்கிலாந்தில் மொரிஸ் மைனர் அறிமுகமான அதே 1948இல்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. கப்பலில் வந்திறங்கிய காருக்குப் பதிவும் நம்பரும் கிடைத்தது. இங்கேயே பிறந்து ரப்பர் பால் எடுத்தவர்கள், கொழுந்து பறித்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள்!

தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். லயத்துச் சனத்துக்குக் கொழுந்து லொறி. எந்த இஞ்சின் சத்தம் பெரிய துரை, எது சின்ன துரை என்று மலையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், கை தானாக வேகமாகும் என்று எங்கள் அப்பாயி சொல்லும்.

இவ்வளவு பழைய கார்கள் இன்னும் ஓடுவது வெறும் ஆசையால் இல்லை. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கினார்கள். இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. 1977க்குப் பிறகுதான் ஜப்பான் வண்டிகள் குவிந்தன. 2020இல் மறுபடி நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இதற்கிடையில் நம்ம ஊர் பாஸ்மார் தகரத்தை வெட்டி ஒட்டியே ஒரு முழுக்காரைச் செய்யப் பழகிவிட்டார்கள். அந்தக் கைவேலையைப் பற்றித் தனியாக எழுதணும்.

போன மாதம் ரக்வானைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு ஈ.எல். தகட்டோடு ஓர் ஒஸ்டின் வந்தது. படம் எடுத்துத் தாத்தாவிடம் காட்டினேன். அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டையே பார்த்தவர், "இது எந்த வருசம் பதிஞ்சது?" என்று கேட்டார். 57க்கு முன்னாடி என்றேன். போனைத் திருப்பித் தந்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.