இனிப்பும் புளிப்பும்: ஒரு கோழிக் கறியின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. ஆண்டுகளை மனனம் செய்து தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டால் வரலாற்றோடு தங்களுக்குள்ள உறவு முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். அதில் வியப்பில்லை; நாம் கற்பித்த முறை அது. எனினும் வீட்டு அடுப்பங்கரையும் ஒரு வரலாற்று ஏடுதான். வாரநாளின் மாலைப்பொழுதில், வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு தாய் சமைத்து இறக்கும் கோழிக் கறியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு சுவையும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால், பாடநூல் ஒரு வரியில் கடந்து சென்ற செய்திகள் பல விரிந்து நிற்கக் காணலாம்.

நான் ஈண்டுக் குறிப்பிடும் கறி மலேசியத் தமிழர் இல்லங்களில் பரவலாகச் சமைக்கப்படுவது. அதற்கு நிலைத்த பெயர் இல்லை. சிலர் தக்காளிக் கோழி என்பர். சிலர் இனிப்புக் கோழி என்பர். பிள்ளைகளோ 'அந்தச் சிவப்புக் கோழி' என்றே கேட்பர். செய்முறை எளிது. அரைக் கிலோ கோழியைச் சிறு துண்டுகளாக்கி மஞ்சளும் உப்பும் தடவி, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து வைப்பர். அதே வாணலியில் வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் வதங்கியபின், அரைத்த காய்ந்த மிளகாய் சேரும். எண்ணெய் பிரிந்ததும் மூன்று கரண்டி தக்காளி சோஸ், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், கோழித் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிடுவர். சர்க்கரை இறுதியில்தான் இடப்படும். முன்னரே இட்டால் அடிபிடித்துக் கரிந்து கசக்கும். குழம்பு சுண்டித் துண்டுகளின்மீது பளபளவென்று படிந்துவிட்டால் வேலை முடிந்தது. எல்லாமாக அரைமணி நேரம்.

நம் பாட்டிமார் இதனைக் கண்டிருந்தால், "கறியில் சர்க்கரையா?" என்று கேட்டிருப்பர். அக்கேள்வி நியாயமானது. தமிழகத்துப் புளிக்குழம்பில் சிறு துண்டு வெல்லம் இடுவதுண்டு; ஆயின் இறைச்சிக் குழம்பை இனிக்கச் செய்வது பொதுவான வழக்கமன்று. கோழிக் குழம்பு என்றால் மல்லியும் மிளகும் தேங்காயும் மணக்கவேண்டும். அவ்வாறிருக்க, இந்த இனிப்பு நம் சட்டிக்குள் எவ்வாறு நுழைந்தது? இதுவே நம் ஆய்வுப் பொருள். ஆனால் கோழியை விட்டுவிட்டு இனிப்புக்குத் தாவ இயலாது.

கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அது நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் திரிகின்ற பறவையே. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, உறுதியாக அறியப்பட்ட வீட்டுக்கோழி எலும்புகளுள் மிகப் பழையவை மத்தியத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தன என்றும் கூறுகிறது. நெல் விளைவித்த மனிதனின் தானியத்தைத் தேடிக் காட்டிலிருந்து இறங்கி வந்த பறவை அவனுடனேயே தங்கிவிட்டது. தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்தியொன்றும் இதில் உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. இந்தியாவின் தெற்கிலும் மேற்கிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் அறிஞர்கள் கண்டறிந்தனர். சந்தையில் நாம் பார்த்து வாங்கும் கோழியின் மஞ்சள் காலில் தென்னிந்தியக் காடு ஒளிந்திருக்கிறது.

அடுத்துக் காரம். இதனை விரைந்து சொல்லிவிடலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1492க்குமுன் ஆசியாவில் எவரும் அதனைச் சுவைத்ததில்லை. போர்த்துகீசியர் 1498இல் கள்ளிக்கோட்டையையும் 1511இல் மலாக்காவையும் அடைந்தபின் அது இப்பகுதிகளில் பரவியது. மொழியாசிரியர் கவனிக்கவேண்டியது பெயர்களையே. புதிய காயைக் கண்ட தமிழர் தாம் அறிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து 'மிளகாய்' என்றனர். மலாய் மொழியிலும் இதே கதைதான்: மிளகுக்குரிய 'லாடா' என்னும் சொல்லும் திப்பிலி வகையொன்றுக்குரிய 'சாபாய்' என்னும் சொல்லும் மிளகாய்க்கு வழங்கலாயின.

தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆயினும் அதன் பெயர் தூய தமிழாக ஒலிக்கிறதே என்று மாணவர் கேட்பர். மணத்தக்காளி முதலிய நம் சிறு செடிகளுக்கு உரிய பழம்பெயரைப் புதுப்பழத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். அன்னாசிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அது போர்த்துகீசியர் தந்த பெயரோடு இருந்துவிட்டது.

புளிப்பின் கதை இன்னும் சுவையானது. புளியமரம் ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவில் வேரூன்றிய மரம். அரபு வணிகர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்னும் பொருள்பட 'தமர் ஹிந்தி' என்றனர். ஆங்கிலேயரின் 'டாமரிண்ட்' அதிலிருந்து பிறந்தது. மலாய்க்காரருக்கோ அது 'ஆசாம் ஜாவா', அதாவது சாவகத்துப் புளி. ஒவ்வொருவரும் அடுத்தவன் ஊரைக் காட்டியே அதற்குப் பெயரிட்டனர்!

தக்காளி சோஸ் புட்டியின்மேல் காணப்படும் 'கெச்சப்' என்னும் சொல்லை ஆங்கிலம் என்றே நம் மாணவர் கருதுகின்றனர். அறிஞர் பலர் கொள்ளும் கருத்துப்படி, அது ஹொக்கியன் சீனர் உப்பிட்டு நொதிக்கவைத்த மீனின் சாற்றுக்கு வழங்கிய பெயர். மலாயில் அது 'கிச்சாப்' ஆகிச் சோயாச் சாற்றைக் குறித்தது. கீழைக்கடல்களில் வணிகம் செய்த ஆங்கிலேயர் அச்சுவையை ஊருக்குக் கொண்டுசென்று, நெத்திலி, காளான், வால்நட் ஆகியவற்றால் ஆக்கிப் பார்த்தனர். தக்காளியால் செய்யும் முறையை அமெரிக்கராகிய ஜேம்ஸ் மீஸ் 1812இல் வெளியிட்டார். 1876இல் ஹெயின்ஸ் என்பார் தக்காளி கெச்சப் விற்பனையைத் தொடங்கினார். காடியும் சர்க்கரையும் மிகுதியாகச் சேர்ந்து, மீன்சாறாகப் புறப்பட்டது இனிப்பும் புளிப்புமாகப் புட்டியில் அடைபட்டு நம் கடைகளுக்குத் திரும்பி வந்தது.

இவையெல்லாம் ஒரே சட்டியில் சேர்வதற்கு வழிகாட்டியவர் நம் அண்டை வீட்டார். கந்தோனியச் சீனர் சர்க்கரையும் காடியும் அன்னாசியும் கலந்த இறைச்சிக் கறியைத் தம் தென்சீன ஊர்களிலிருந்து கொணர்ந்தனர். அவர்கள் செய்தது பன்றி இறைச்சியில். பல இனத்தார் கூடி உண்ணும் இந்நாட்டில் அதே சாறு கோழிக்கும் மாறியது. மலாய்க்காரரின் 'ஆயாம் மாசாக் மேரா' திருமண விருந்துகளில் தக்காளிச் சோற்றோடு பரிமாறப்படுவது. காய்ந்த மிளகாயும் தக்காளியும் சிறிது இனிப்பும் அதன் உயிர். இவ்விரண்டையும் உண்டு பார்த்த தமிழ்ப்பெண் தன் மஞ்சளையும் இஞ்சியையும் புளியையும் கொண்டு மூன்றாவது ஒன்றைச் செய்தாள். எந்த நூலும் அவளுக்கு அதைக் கற்பிக்கவில்லை.

ஆனால் இது வாரநாள் உணவானது அண்மைக் காலத்தில்தான். தோட்டத்து லயங்களில் கோழி என்பது தீபாவளிக்கு உரியது. அல்லது ஊரிலிருந்து மாமனோ சம்பந்தியோ வந்த நாளுக்கு உரியது. வீட்டுக்குப் பின்னால் மேய்ந்த கோழி வளர்ந்து சட்டிக்கு வர நான்கைந்து மாதம் ஆகும். அதனை அடிப்பது என்று முடிவு செய்வது சிறு காரியமன்று. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பால்வெட்டித் திரும்பிய பெண்ணுக்கு வாரநாளில் வாய்த்தது பெரும்பாலும் கருவாடும் கீரையும் பருப்புமே.

இந்நிலையை மாற்றியது பண்ணைக்கோழி. அமெரிக்காவில் 1948இல் 'நாளைய கோழி' என்ற பெயரில் இறுதிப்போட்டி ஒன்று நடத்தி, விரைவில் கொழுக்கும் இனங்களைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வழியில் உருவான இறைச்சிக் கோழி ஆறு வாரத்துக்குள் சந்தைக்கு ஆயத்தமாகிவிடும். மலேசியாவிலும் 1960களுக்குப் பின் பண்ணைகள் பெருகின, குளிர்பெட்டிகள் வந்தன, தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தமிழர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், கணவனும் மனைவியும் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். விருந்துணவு வாரநாள் உணவாயிற்று. பல ஆண்டுகளாக மாணவரின் தீபாவளிக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் கோழி உண்ணும் பிள்ளையும், "அன்று அம்மா கோழிக் கறி சமைத்தார்" என்று வியப்போடு எழுதத் தவறுவதில்லை. தாத்தா காலத்து வியப்பு கட்டுரையில் மட்டும் உயிர்வாழ்கிறது.

இம்மலிவுக்கும் ஒரு விலை உண்டு. பண்ணைக்கோழி உண்பது பெரும்பாலும் இறக்குமதியான சோளமும் சோயாவும். தீவனம் விலையேறிய 2022ஆம் ஆண்டில் கோழிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. மாதந்தோறும் 36 லட்சம் கோழிகள் வரையிலான ஏற்றுமதியை மலேசியா சூன் முதல் நாளன்று நிறுத்தியபோது, சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. சில மாதங்களில் தடை தளர்ந்தது. உள்நாட்டில் கோழிக்கு வழங்கப்பட்ட அரசு மானியம் 2023 நவம்பர் முதல் நாள் முடிவுற்றது.

இனி எஞ்சி நிற்பது இனிப்பு. அதனைக் கருதியே கடைசிக்கு ஒதுக்கினேன்.

கரும்பு முதன்முதல் பயிராக்கப்பட்ட இடம் நியூ கினி என்பர். அங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளின் வழியே அது இந்தியாவை அடைந்தது. அது வந்தேறிய பயிர் என்பதைச் சங்கத் தமிழரும் நினைவில் கொண்டிருந்தனர். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றின் 99ஆம் பாடலில் உள்ளது. அதன் சாற்றைக் கட்டியாகக் காய்ச்சும் கலை இந்தியாவில் செழித்து உலகெங்கும் சென்றது. மலாய் மொழியின் 'கூலா' வடமொழிச் சொல்லின் வழி வந்ததே.

1786இல் பினாங்கில் கால்பதித்த ஆங்கிலேயர், 1800இல் கெடாவிடமிருந்து எதிர்க்கரையைப் பெற்றுப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப் பெயரிட்டனர். இன்றைய செபராங் பிறை அதுவே. பத்து காவான் பகுதியில் முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் தியோச்சூ சீனர். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் வந்து பெருந்தோட்டங்களைத் தொடங்கினர். இவர்களுள் லியோனார்ட் ரே என்பவர் குறிப்பிடத்தக்கவர். ஜமைக்காவில் கரும்புத் தோட்டம் நடத்திப் பழகி, பின்னர் இங்கு வந்து, கரும்பு வேளாண்மை பற்றி 1848இல் நூலும் வெளியிட்டவர். ஜமைக்காவின் கரும்பு அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபின், கரும்பு முதலாளிகள் மலிவான கைகளுக்கு வேறு திசையில் பார்த்தனர். அத்திசையில் நாகப்பட்டினம் இருந்தது.

நம் பாடநூல்கள் தமிழர் வருகையை ரப்பரோடு தொடங்குகின்றன. இது போதாது என்பது என் துணிபு. ரப்பர் வருவதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கரும்புக் காட்டில் நின்றனர். கப்பற்செலவும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டுக் கூலியில் பிடிக்கப்பட்டன. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்றவன் குற்றவாளியாகச் சிறைக்கு அனுப்பப்பட்டான். கடலோரச் சதுப்பை வெட்டி வாய்க்கால் எடுத்தவர்கள் அவர்கள். கரும்பை அவ்வாய்க்கால்களில் படகேற்றி ஆலைக்குக் கொண்டு சென்றவர்களும் அவர்கள். கொதிக்கும் கொப்பரைகளின் அருகில் நின்றவர்களும் அவர்கள். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டவர் தொகை பெரிது. அச்சர்க்கரை பிரிட்டனுக்குக் கப்பலேறியது. ஊரில் கருப்பட்டியும் வெல்லமும் அறிந்திருந்த அம்மக்கள் தாம் ஆக்கிய வெள்ளைச் சர்க்கரையை எத்தனை முறை சுவைத்திருப்பர்?

1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் ரப்பரின் விலை ஏற, முதலாளிகள் கரும்பைப் பிடுங்கி ரப்பர் நட்டனர். கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் பால்மரம் வெட்டினர். பத்து காவான் இன்று தொழிற்பேட்டை. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. 1959இல் ஒரு சர்க்கரை நிறுவனம் தோன்றி, 1964இல் அதே வட்டாரத்துப் பிறையில் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. மலேசியத் தமிழர் பலரின் வீட்டில் கோழிக் கறிக்கு இட்ட சீனி அவ்வாலையிலிருந்து வந்ததே. ஆலைக்கு வேண்டிய கச்சாச் சர்க்கரையோ வெளிநாட்டுக் கப்பல்களில் பிறைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. சுற்றுவட்டாரத்தில் கரும்பு இல்லாமற் போய் அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.