பஞ்சமர் பள்ளிகளும் கற்பிக்கும் முறையில் விளைந்த மாற்றமும்

சென்னையில் நம் குழந்தைகளுக்கெனத் தோன்றிய பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கர்னல் ஆல்காட்டிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு ஈராண்டு முற்பட்ட நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை என்பது எம் கருத்து. 1892-ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபை கூட்டிய அவையில் பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து, நம் மக்களுக்கு ஆலய நுழைவு உண்டா என வினவினார். அவை அதனை ஏற்கவில்லை. அவ்வாறாயின், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையில் இலவசக் கல்வியேனும், உழுது பிழைக்கத் தரிசு நிலமேனும் கிடைக்க வேண்டும் என அவர் கோரினார். கோயிலை மறுத்தோரிடமே பள்ளிக்கூடத்தைக் கேட்டுப் பெற முனைந்த அந்த விவேகம் போற்றத்தக்கது.

அந்நாளில் ஊர்த் திண்ணைப் பள்ளிகளின் வாயில் நமக்கு அடைபட்டிருந்தது. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளே பெரிதும் துணையாயிருந்தன. இந்நிலையில்தான் 1894-இல், பிரம்மஞான சபையின் தலைவரான அமெரிக்கர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அடையாற்றை அடுத்த ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் தொடர்ந்து எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளி 1901-இல் திருவள்ளுவர் பெயர் தாங்கி நின்றது. சேரிச் சிறுவர் பயிலும் கூடத்துக்கு வள்ளுவர் பெயர் சூட்டியது சிறு செய்தியன்று. பிற சமயத்தார் அமைத்த பள்ளிகளைப் போலன்றி, இப்பள்ளிகளில் எச்சமயமும் போதிக்கப்படாது என்பதையும் ஆல்காட் கொள்கையாகவே வைத்திருந்தார். ஊரூர்ப் பள்ளியின் ஆசிரியர் பி. கிருஷ்ணசாமி என்பார் 1898-இல் பண்டிதருடன் இலங்கை சென்று, கொழும்பில் பௌத்தம் தழுவியவர்.

இனி, இளைஞர்கள் கருத்தூன்றிக் காண வேண்டிய பகுதி, கற்பிக்கும் முறையைப் பற்றியது. மணலில் எழுத்தெழுதி, பொருள் விளங்காமலே நெட்டுருப் போட்டு, பிரம்படிக்கு அஞ்சிப் படிப்பதே அக்காலப் பள்ளி வழக்கம். சேரிக் குழந்தையோ சில ஆண்டுகளுக்குள் கூலி வேலைக்குப் போய்விடும். வீட்டில் ஏடும் இல்லை, சொல்லித் தருவாரும் இல்லை. கிடைக்கும் அச்சில ஆண்டுகளை நெட்டுருவுக்கே பறிகொடுத்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து இப்பள்ளிகளை மேற்பார்த்த பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் இதனை உணர்ந்தனர். ஜெர்மானிய அறிஞர் பிரோபெல் வகுத்த கிண்டர்கார்டன் முறையை அவர்கள் கைக்கொண்டனர். பாட்டும் விளையாட்டும், கையால் தொட்டு எண்ணி அடுக்கும் பொருள்களும் பாடமாயின. 1906-இல் கோர்ட்ரைட் அம்மையார் இம்முறையை விளக்கித் தனி நூலொன்றும் வெளியிட்டார். செல்வர் வீட்டுச் சிறார்க்கே பெரும்பாலும் கிட்டாதிருந்த புதுமுறை, சேரிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது வியப்புக்குரியது!

எனினும் நன்றியுணர்வு நம் கண்ணை மறைத்துவிடலாகாது. எழுத்து, கணக்கு, சிறிது ஆங்கிலம், சமையல், தையல் என்ற அளவிலேயே ஆல்காட்டின் பாடத்திட்டம் அமைந்தது. நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரையில் அழைத்துச் செல்வது அவர் நோக்கமன்று. உள்ள வேலையை மேலும் நன்கு செய்யும் பணியாளராக்குவதே போதும் என அவர் கருதினார். முறை புதியது, எல்லையோ பழையது. பண்டிதரும் நான்காம் வகுப்பைத்தானே கேட்டார் என்று சிலர் வினவக்கூடும். கதவே திறவாதிருந்த நாளில் முதற்படியைக் கேட்பது வேறு. அதுவே இறுதிப்படி என வரையறுப்பது வேறு. டாக்டர் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியதை இதனோடு ஒப்புநோக்குக.

ஆல்காட் 1907-இல் மறைந்தார். கிண்டர்கார்டன் முறையோ அவரது பள்ளிகளோடு நின்றுவிடவில்லை. பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, 1920-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குச் சென்ற எம்.சி. ராஜாவை அரசியல் தலைவராகவே நாம் அறிவோம். அவர் ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 1930-இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் குழந்தைப் பாட்டு நூலை வெளியிட்டார். அயல்நாட்டார் நமக்குக் கற்பித்த முறையில், தமிழ்க் குழந்தைகள் அனைவர்க்கும் நூல் ஆக்கித் தந்தவர் நம்மவர் ஒருவர்.